சிரிக்கச் சொன்னது யார்?

ஒக்டோபர் 1 சிறுவர் தினம் நெருங்கினால் இலங்கையில் எங்கள் மலைப்பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் கவிதைகள் குவியும். சிலவற்றில் பிள்ளை வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். சிலவற்றில் கண்ணீர்க் கடலில் மூழ்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பிள்ளையைத்தான் காண முடிவதில்லை. வலியை உள்ளே வைத்துக்கொண்டு, யாரோ கேட்டதற்காகச் சிரித்துக்கொண்டு நிற்கிற பிள்ளை.

அந்தப் பிள்ளையை எழுதுவது கஷ்டம். கவிதையில் பேசுவது அந்தப் பிள்ளையே என்றால் அது தன் வலியைச் சொல்லாது. சொல்லக்கூடாது என்று பழக்கப்பட்ட பிள்ளை அது. சொல்லாமல் விட்டது வாசிப்பவரின் காதில் விழ வேண்டும். அதற்கு என்ன செய்யலாம், எங்கே சறுக்கும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதப் பழகும் பிள்ளைகளும் சொல்லிக்கொடுக்கும் டீச்சர்மாரும் மனதில் இருக்கிறார்கள்.

பேனாவை எடுக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: இந்தச் சிரிப்பு யாருக்குத் தேவைப்படுகிறது? விடை ஓர் ஆளாக இருக்க வேண்டும். “சமூகம்”, “விதி”, “வறுமை” என்று வந்தால் இன்னும் விடை கிடைக்கவில்லை என்று அர்த்தம். நுவரெலியாவுக்கு ஏறும் வீதியின் வளைவுகளில் பூங்கொத்தோடு ஓடிவரும் பையனின் சிரிப்பு, வேனுக்குள் இருப்பவருக்குத் தேவை. சிரித்தால்தான் கண்ணாடி இறங்கும். கொழுந்து மலையோரம் படம் எடுக்க நிற்கிறவருக்கு வேறு விதமான சிரிப்பு வேண்டும். பரிசளிப்பு விழாவில் மாலையோடு நிற்கிற பிள்ளையின் சிரிப்பைப் பிரதம விருந்தினர்கூடக் கேட்டிருக்க மாட்டார், வரிசையை ஒழுங்குபடுத்தியவர்தான் கேட்டிருப்பார். ஆள் மாறினால் சிரிப்பின் நீளமும் அகலமும் மாறும். கேட்டவர் கவிதைக்குள் எங்கேயாவது இருக்க வேண்டும். பேர் வேண்டாம், ஒரு கை தெரிந்தால் போதும். ஆள் இல்லாத கவிதையில் பிள்ளை தானாகவே நடிக்கிற பிள்ளையாகிவிடும், பழியும் பிள்ளை மேலேயே விழுந்துவிடும்.

இதை 200 வருடங்களுக்கு மேலாகத் துல்லியமாகக் காட்டிக்கொண்டிருப்பவர் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக். லண்டனில் வீட்டுப் புகைபோக்கிகளுக்குள் ஏறிக் கரியைத் துடைக்கச் சின்னப் பையன்களைத்தான் விட்டார்கள். பெரிய உடம்பு அதற்குள் நுழையாது. 8 வயதுக்குக் குறைந்தவரை இந்த வேலைக்குச் சேர்க்கக் கூடாது என்று 1788இல் சட்டம் வந்தது, அது சரியாக நடைமுறையாகவில்லை. மறு வருடம், 1789இல், ‘புகைபோக்கி துடைப்பவன்’ (The Chimney Sweeper) என்ற பிளேக்கின் முதல் பாட்டு வருகிறது. அதே தலைப்பில் இரண்டாவது பாட்டு 1794இல்.

முதல் பாட்டு 24 அடி. தாய் செத்துப்போய், தகப்பன் விற்றுவிட்ட பையன் பேசுகிறான். வேலை தேடித் தெருவில் கூவும் சொல் ‘ஸ்வீப்’, துடைக்கட்டுமா என்று அர்த்தம். வாய் திருந்தாத குழந்தை அதை ‘வீப்’ என்று கூவுகிறது. ஆங்கிலத்தில் ‘வீப்’ என்றால் அழு. வியாபாரத்துக்குக் கூவுவதாக அந்தப் பையன் நினைக்கிறான், நம் காதில் அழுகை விழுகிறது. பிள்ளைக்குத் தெரியாமலே வலி வெளியே வந்துவிட்டது. அதே பாட்டில், “உங்கள்” புகைபோக்கிகளைத்தான் துடைக்கிறேன் என்று வாசிப்பவரைப் பார்த்தே ஒரு சொல் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். கோபமே இல்லை. கடமையைச் செய்தால் தீங்கு வராது என்று, பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த பாடத்தோடு பாட்டு முடிகிறது. அந்தப் பாடத்தை அவன் நம்புகிறான் என்பதுதான் நமக்குத் தாங்க முடியாதது.

இரண்டாவது பாட்டு 12 அடிதான். பனியில் கரி படிந்த பிள்ளை நிற்கிறது, தாய் தகப்பன் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். இதில் காலத்தைக் கவனியுங்கள். நான் சந்தோஷமாக இருந்தேன், அதனால்தான் எனக்குச் சாவின் உடுப்பைப் போட்டார்கள் என்று முதலில் சொல்கிறது. பிறகு, நான் சந்தோஷமாக ஆடிப் பாடுகிறேன், அதனால் எனக்கு ஒரு கெடுதியும் செய்யவில்லை என்று நினைக்கிறார்கள் என்கிறது. இருந்த சந்தோஷம் உண்மை. இருக்கிற சந்தோஷம் மற்றவர்களுக்கு வசதி. மே 1ஆம் திகதி லண்டன் தெருக்களில் இந்தத் துப்புரவுப் பையன்கள் ஆடிப் பாடிக் காசு கேட்கிற வழக்கம் இருந்தது. ஆகவே ஊர் முழுக்க அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கிறது.

அதனால், உண்மையான சந்தோஷம் ஒன்றாவது கவிதைக்குள் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பொய்ச் சந்தோஷம் பொய்யென்று தெரியாது. எங்கள் கவிதைகளில் அதிகம் விடுபடுவது இதுதான். முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை இருட்டு, அதனால் முகத்தில் இருப்பது எதுவென்றே தெரிவதில்லை.

இனி எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் இருந்து கொழும்பு வீடொன்றுக்கு வேலைக்குப் போன 12 வயதுப் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு போனில் பேசுகிறாள். இதில் சட்டமும் ஒரு பாத்திரம். இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது முன்பு 14, 2021இல் அதை 16 ஆக்கினார்கள். ஆகவே 12 வயது என்று எழுதினால், அவள் அந்த வீட்டில் இருப்பதே மறைக்க வேண்டிய விஷயம். யாராவது வந்தால் அவள் ஊரில் இருந்து வந்த தெரிந்தவர்களின் பிள்ளை ஆகிவிடுவாள். அவளுடைய “நல்லா இருக்கேன்” அந்த வீட்டு எசமானியான நோனாவுக்கும் தேவை, பிள்ளையை அனுப்பிவிட்டு ராத்திரி தூங்க வேண்டிய அம்மாவுக்கும் தேவை. ஒரே சிரிப்பை இரண்டு பேர் கேட்கிறார்கள். அம்மாவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி எழுதுவது சுலபம், அப்படி எழுதாதீர்கள்.

வழக்கமாக வரும் முதல் வரைவு இப்படித்தான் இருக்கும்:

கண்ணீர்க் கடலில் மிதக்கும் மொட்டு நான்
புன்னகை என்னும் முகமூடி அணிந்தேன்
பணம் எனும் பேய் என் பள்ளியைத் தின்றது
ஊமை நெஞ்சம் உள்ளே அழுகிறது

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் 12 வயதுப் பிள்ளையின் வாயில் முகமூடி என்ற சொல் வராது. தான் நடிப்பது நடிப்பு என்று பேர் வைக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பாதி விடுதலை கிடைத்துவிட்டது. கடல், மொட்டு, பேய், ஊமை என்று நாலு வரியில் நாலு உருவகம், ஒன்றையாவது கையால் தொட முடியாது. எல்லாவற்றையும் கவிதையே சொல்லிவிட்டதால் வாசிப்பவருக்கு வேலையும் இல்லை.

இதை அப்படியே ஒதுக்கிவிட்டு, ஒரு தாளில் விவரம் மட்டும் எழுதுங்கள். போன் யார் கையில்? ஸ்பீக்கரில் போட்டிருக்கிறதா? எத்தனை நிமிடம்? அம்மா முதலில் கேட்பது என்ன? அந்த வீட்டில் பிள்ளைக்கு உண்மையாகவே பிடித்த பொருள் எது? பிள்ளை அதை எதோடு ஒப்பிடும்? அவளுக்குத் தெரிந்த அளவுகோல், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில் இருக்கிற ஒற்றை அறையான லயத்துக் காம்பராதான். 10 அடிக்கு 12 அடி, முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, மேலே தகரம். கொழும்பு வீட்டின் எந்தப் பெருமையையும் அவள் அந்தக் காம்பராவை வைத்தே அளப்பாள். இருபது விவரம் எழுதி, ஆறோ ஏழோ வைத்துக்கொண்டால் சரி. அதற்குப் பிறகு, அம்மாவின் பக்கத்தை முழுதாக வெட்டிவிட்டு, பிள்ளையின் பதில்களை மட்டும் வையுங்கள்:

நல்லா இருக்கேன் அம்மா.
சாப்பிட்டேன்.
இங்க பிரிட்ஜு நம்ம காம்பராக் கதவ விட ஒசரம்.
நோனா என்னையப் புள்ள மாதிரி பாக்குறாங்க.
ஆமா, பக்கத்துலதான் இருக்காங்க.
கையா, அது சொகமாயிருச்சு.
இல்லம்மா, சுடுதண்ணிதான்.
தம்பி தூங்கிட்டானா?
அவன ஸ்கூலுக்கு அனுப்புங்க.
சிரிக்கிறேனே, கேக்கலையா?

மூன்றாவது வரிதான் உண்மைச் சந்தோஷம். அவ்வளவு பெரிய பிரிட்ஜைப் பார்த்து அவளுக்கு அதிசயம், அதை அம்மாவுக்குச் சொல்ல ஆசை. அதே வரியில் அவள் வளர்ந்த கதவின் உயரமும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. நாலாவது வரியில் “மாதிரி” என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். புள்ளையாகப் பார்ப்பதற்கும் புள்ளை மாதிரிப் பார்ப்பதற்கும் இடையில் இருக்கிற தூரத்தில்தான் அந்தப் பிள்ளை வாழ்கிறாள். ஐந்தாவது வரியில் கேட்டவரின் கை தெரிகிறது. நோனா பக்கத்தில் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு, அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் வேறு அர்த்தம் எடுக்கும். இந்த வரியை முதலாவதாக வைத்தால் கவிதை செத்துவிடும், கடைசியில் வைத்தால் திடுக்கிட வைக்கும் வித்தை போலாகிவிடும். நடுவில்தான் அதற்கு இடம்.

கையைப் பற்றி நமக்கு ஒன்றுமே சொல்லவில்லை. அம்மா கேட்டதால்தான் அது வருகிறது, ஆகவே அம்மாவுக்கு ஏற்கனவே கொஞ்சம் தெரியும். “சுடுதண்ணிதான்” என்பதில் அந்தத் “தான்” வலியைச் சின்னதாக்கப் பார்க்கிறது. யார் ஊற்றியது, தானாகக் கொட்டியதா என்று எழுதிவிடாதீர்கள். எழுதினால் அது செய்தி. ஒன்பதாவது வரியில் கொடுக்கல் வாங்கல் முழுவதும் இருக்கிறது: அவள் போனது எதற்காக, அவளுக்குக் கிடைக்காதது எது.

தமிழ் இந்த வேலைக்கு நன்றாகவே கைகொடுக்கும். “ஆம்” என்று ஒட்டினால் போதும்: “நான் கெட்டிக்காரியாம்”, “எனக்குக் குளிராதாம்”, “நான் சந்தோஷமா இருக்கேனாம்”. பெரியவர்கள் சொன்னதைப் பிள்ளை அப்படியே திருப்பிச் சொல்கிறது, நம்புகிறதா இல்லையா என்று காட்டிக்கொள்வதில்லை. “ன்னு” இன்னொன்று: “அழக்கூடாதுன்னு”, “பல்லு தெரியணும்னு”. கட்டளை வந்துவிட்டது, கட்டளை போட்டவரைச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. ஒரு கவிதையில் “ஆம்” இரண்டு தடவைக்கு மேல் வந்தால் கிண்டல் தொனி ஏறிவிடும். பிள்ளை கிண்டல் பண்ணுவது போலக் கேட்டால் வலி ஓடிவிடும்.

எங்கள் தாலாட்டிலும் இந்த வேலை பழையது. ஆரடிச்சு நீ அழுதே என்று கேட்டுவிட்டு, மாமன் அடிச்சானோ மல்லிகைப்பூச் செண்டாலே என்று தாலாட்டு தானே பதிலும் சொல்லும். அடியைப் பூவால் மூடிவிடுகிற பாட்டு அது. அழுகைக்கு உண்மையான காரணம் என்ன என்று பாட்டுக்குத் தெரியும், சொல்லாது. தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட முடியாத நாளில், அம்மா கொழுந்துக்குப் போய்விட, சேலைத் தொட்டிலை ஆட்டிக்கொண்டு வீட்டில் நிற்கிற பத்து வயது அக்காவை இந்த உருவத்தில் பாடவிடலாம்:

ஆரடிச்சு நீ அழுதே
அடிச்சாரச் சொல்லி அழு
அக்கா அடிக்கலையே
அடுப்புக்குத்தான் போயிருந்தேன்
மணியடிச்ச சத்தமய்யா
மலைக்கங்கிட்டு இஸ்கூலு

“அடிச்ச” என்ற சொல் இங்கே மணிக்குப் போய்விட்டது. தம்பியைத் தேற்றத்தான் பாடுகிறாள். ஆனால் அடிபட்டது யார் என்பது அந்த மணிச்சத்தத்தில் தெரிந்துவிடுகிறது. பிளேக்கின் பையன் தெருவில் கூவியதற்கும் இதற்கும் உறவு இருக்கிறது: சொல் ஒரு வேலைக்காகச் சொல்லப்பட்டு, இன்னொரு வேலையையும் செய்துவிட்டுப் போகிறது. இப்படிச் சொல் அமையாவிட்டால் வலிந்து செய்யாதீர்கள். சிலேடை வெளியே துருத்தினால் பிள்ளையைத் தள்ளிவிட்டுப் புலவர் வந்து நின்றுவிடுவார்.

மெட்டு துள்ளலாக இருக்கட்டும். சோகத்துக்குச் சோக மெட்டு போட்டால் இரண்டும் ஒரே பக்கம் இழுக்கும். வரவேற்புப் பாட்டுக்குக் கும்மி பொருந்தும். அரையடிக்கு நாலு கைத்தட்டு விழுகிற மெட்டு:

வாருங்கள் ஐயாமார் வாருங்களே – எங்கள்
மாலைகள் தோளினில் சூடுங்களே
காலையில் ஏழுக்கே வந்துநின்றோம் – நாங்கள்
காலினை மாற்றியும் நின்றுகொண்டோம்
பத்துமணிக் குந்தான் காரில்லையே – எங்கள்
பல்லெல்லாம் மூடிட நேரமில்லை

கையைத் தட்டியபடி பாடிப் பாருங்கள். “வாருங்களே”யில் விழுகிற அதே தட்டு “நின்றுகொண்டோம்” மேலும் விழும், “நேரமில்லை” மேலும் விழும். மெட்டு எந்த இடத்திலும் இரக்கப்படாது, அந்த வரிசையை ஒழுங்குபடுத்தியவர் போலவே. எண்கள் இங்கே முக்கியம். ஏழு, பத்து என்று இரண்டு மணி சொன்னதும் மூன்று மணிநேரம் என்று வாசிப்பவரே கணக்குப் பார்ப்பார். “நெடுநேரம் கால்கடுக்க” என்று எழுதினால் கணக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது.

எங்கள் பக்கத்துக் கவிதைகளில் தேய்ந்துபோன சில பொருள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அட்டை குடித்த ரத்தம், தேத்தண்ணியின் சிவப்பில் தெரியும் உதிரம், பச்சைக் கம்பளம், பனிப் போர்வை. இவற்றில் சில ஒரு காலத்தில் உயிரோடு எழுதப்பட்டவை, அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் இன்று ஒரு பிள்ளை அட்டையை எழுதினால் வாசிப்பவர் அட்டையைப் பார்ப்பதில்லை, தான் ஏற்கனவே படித்த இருபது கவிதையைப் பார்க்கிறார். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வரிசையில் வைத்த வாளியின் பிடிக்குச் சுற்றிய துணியை எழுதுங்கள். அண்ணனின் சப்பாத்துக்குள் திணித்த கடதாசியை எழுதுங்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் அம்மா ஒரே ஒரு பக்கம் மட்டும் பின்னிவிட்டுப் போன தலைமுடியை எழுதுங்கள். இவற்றுக்கு இன்னும் யாரும் வலி என்று பேர் வைக்கவில்லை.

எழுதி முடித்ததும் செய்ய வேண்டியது ஒன்று. “வலி”, “கண்ணீர்”, “சோகம்”, “ஏக்கம்”, “அநாதை”, “பாவம்” என்ற ஆறு சொற்களையும் தேடி வெட்டுங்கள். வெட்டிய பிறகு கவிதை நின்றால், அவை முதலிலேயே தேவைப்படவில்லை. விழுந்தால், விவரம் போதவில்லை. திரும்ப விவரத் தாளுக்குப் போக வேண்டும், சொல்லைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம். பிறகு கவிதையை ஏதும் தெரியாத ஒருவருக்கு ஒரு தடவை மட்டும் வாசித்துக் காட்டி, பிள்ளைக்கு என்ன வயது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், பிள்ளை எதைச் சொல்லாமல் விட்டது என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவர் கொஞ்சம் யோசித்துச் சொன்னால் அளவு சரி. உடனே சொன்னால் கூடிப்போய்விட்டது. ஒன்றுமே சொல்ல முடியாவிட்டால், நீங்கள் மறைக்கவில்லை, தொலைத்துவிட்டீர்கள்.

வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இதை மட்டும் மறக்க வேண்டாம். இந்தப் பயிற்சியைக் கொடுத்தால் சில தாள்கள் கற்பனையாக இருக்காது. பிள்ளை தன் கையையே எழுதியிருக்கும். எழுத்தில் பழைய அழிப்பு, ஒரு பேர் வெட்டி மாற்றப்பட்டிருப்பது, மற்ற வரிகளில் இல்லாத திடீர்த் துல்லியம், இவற்றைப் பார்த்தால் நின்று கவனியுங்கள். அந்தத் தாளைச் சத்தமாக வாசிக்கக் கூடாது. எழுத்துப்பிழைக்குச் சிவப்புப் பேனா போடக் கூடாது. “நல்ல கற்பனை” என்று பாராட்டவே கூடாது. சொன்னதற்குக் கிடைத்த பதில் அதுவென்றால் பிள்ளை இனி வாய் திறக்காது. போட்டிக்கும் அனுப்பாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, எழுதினதை வாசித்தேன் என்று சொல்லிவிட்டு, பேச விடுங்கள். அவசரப்பட்டு வீட்டில் போய் விசாரித்தால் பிள்ளைக்குத்தான் அடி விழும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929, வகுப்பில் எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைக்கலாம். எந்தக் கவிதையை வெளியிட்டாலும் பிள்ளையின் பேரும் தோட்டத்தின் பேரும் டிவிசனும் வரக்கூடாது. லயத்து வரிசையில் ஒரு அடையாளம் போதும், எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

தலைப்புப் பற்றிக் கடைசியாக. போன் கவிதைக்குப் “புன்னகைக்குப் பின்னால்” என்று வைத்தால் பத்து வரியும் வீண், விடையைக் கேள்விக்கு முன்னால் எழுதியது போலாகும். “கொழும்பில் ஒரு சிறுமி” என்பது தூரத்தில் இருந்து பார்க்கிறவரின் தலைப்பு. “நல்லா இருக்கேன்” பரவாயில்லை, ஆனால் முதல் வரியையே திரும்பச் சொல்கிறது. “ஞாயிறு, நாலு நிமிஷம்” என்று வைத்துப் பாருங்கள். அளந்து கொடுக்கப்பட்ட நேரம் தலைப்பில் இருந்தால், தம்பி தூங்கிவிட்டானா என்று கேட்கும்போது எத்தனை நிமிடம் மீதி இருக்கும் என்று வாசிப்பவர் எண்ணத் தொடங்கிவிடுவார்.